ஜப்பானில் ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கு

ஜப்பானுக்குப் போய்வந்தோம் என்று சொன்னால் சனம் உடனே டோக்கியோவைப் பற்றிக் கேட்கும். நாங்கள் டோக்கியோவில் இறங்கியது ரயில் மாறுவதற்கு மட்டும்தான். அங்கிருந்து வேகமான ரயிலில் ஏறி, பிறகு வேகமில்லாத ரயிலுக்கு மாறி, கடைசியில் சாரதியே டிக்கெட்டும் பார்க்கிற இரண்டு பெட்டி ரயிலில் போய் ஓர் ஊரில் இறங்கினோம். அதை நகரம் என்று எழுதி வைத்தவருக்கு மனச்சாட்சி இல்லை. ஒரு ஸ்டேஷன், ஒரு பாலம், பின்னால் ஒரு மலை, மிச்சமெல்லாம் பனி. சிட்னியில் சனிக்கிழமை காலையில் பென்டில் ஹில் கடைகளுக்கு வரும் தமிழ்ச் சனத்தைக் கொண்டுபோய் அங்கே இறக்கிவிட்டால் ஊர் நிறைந்துவிடும்.

அந்த ஊரில்தான் எங்கள் மகள் இருந்தாள். ஒரே மகள். சிட்னியில் கொமர்ஸ் படித்து முடித்தவள். கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நகரத்துக்கு வேலைக்குப் போக, இவள் ஜப்பானியப் பிள்ளைகளுக்கு ஏ, பி, சி, டி சொல்லிக்கொடுக்கப் புறப்பட்டாள். ஹைஸ்கூலில் ஜப்பானிய மொழியை ஒரு பாடமாக எடுத்தபோதே நாங்கள் சுதாரித்திருக்க வேண்டும். பிரெஞ்சு வகுப்பு நிரம்பிவிட்டது, இதில்தான் இடமிருக்கிறது என்றார்கள். சரி, மார்க்ஸ் வரும்தானே என்று விட்டுவிட்டோம். அந்த மார்க்ஸ் எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்.

அவள் போய் அரை வருடத்தில், 2011இல், அந்த நாட்டில் நிலம் ஆடியது, கடல் ஏறியது. அவள் இருந்த ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை. அது மலைக்கு மறுபுறம். ஆனால் சிட்னியில் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. ஊரில் சண்டைக் காலத்தில் ஷெல்லடிக்குள் கலியாணம் கட்டி, ஷெல்லடிக்குள் பிள்ளை பெற்று, ஹெலிகொப்டர் சுடச்சுடக் கோயில் திருவிழாவுக்குப் போன அன்ரிமார் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: “ஐயோ, அப்பிடி ஆபத்தான நாட்டில பொம்பிளைப் பிள்ளையை விடலாமோ?”

இதை மகளிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். “அம்மா, நான் பிறந்த அண்டைக்குப் பக்கத்து வீட்டுக் கூரை பறந்தது எண்டு நீங்கள்தானே சொல்லுவீங்கள்,” என்றாள் ஆங்கிலத்தில். வாய் மட்டும் அப்படியே அவளுடைய அப்பாவின் பக்கம்.

பிறகு வந்தது மெல்பேர்ண் சம்பந்தம். பெடியன் இன்ஜினியர். அங்கே ட்ருகனினாவில் புது வீடு கட்டிக் குடிபோயிருந்தார்கள். குடிவகை இல்லை, வேறு பழக்கமில்லை, சாதகம் பொருந்துகிறது. பெடியனின் தாய் வாரத்துக்கு ஒரு தடவை தொலைபேசியில் வருவார். சுகம் விசாரிப்பார், வெயிலைப் பற்றிப் பேசுவார், வைப்பதற்கு முன்னால் “பிள்ளை எப்ப வாறா?” என்று கேட்பார். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. என் மகளைக் கேட்டு ஆள் வருகிறது என்பதில் எந்தத் தாய்க்குத்தான் ஆசையில்லை?

மகளுடைய வேலை ஒப்பந்தம் ஒவ்வொரு வருடமாக நீளும். இன்னொரு வருடம் இருக்கிறாயா, போகிறாயா என்று தை மாதக் கடைசியில் கேட்பார்கள். ஆகவே அதற்கு முன்னால் நேரில் போய், விசயத்தைச் சொல்லி, “இல்லை, நான் வீட்டுக்குப் போகிறேன்” என்று சொல்ல வைத்துவிட வேண்டும் என்று நானும் இவரும் முடிவெடுத்தோம். இவர் என்றால் என் கணவர். போனில் சொன்னால் போனை வைத்துவிடுவாள். நேரில் சொன்னால் எங்கே ஓடுவாள், அதுவும் பனிக்குள்?

இவருக்கு ஜப்பான் என்றால் உயிர். இருபது வருடமாக ஜப்பான் கார் ஓட்டுகிறவர். ஜப்பானைப் பற்றி இவருக்குத் தெரிந்ததெல்லாம் பொனட்டைத் திறந்து பார்த்ததுதான், ஆனால் விமானத்தில் பக்கத்தில் இருந்த ஜப்பான்காரருக்கே ஜப்பானைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த மனிசன் ஒவ்வொரு வசனத்துக்கும் தலையை ஆட்டிக் கேட்டது. அந்த நாட்டுச் சனத்தின் பொறுமையை நான் முதலில் கண்டது அங்கேதான்.

ஸ்டேஷனில் மகள் நின்றாள். மூக்கு சிவந்து, கன்னம் வைத்து, கொஞ்சம் பூசினாற்போல இருந்தாள். இளைத்துக் கருகிப் போயிருப்பாள், அதைக் காட்டியே பேச்சைத் தொடங்கலாம் என்று நான் போட்டிருந்த திட்டத்தில் அப்போதே மண் விழுந்தது.

அடுத்த அதிசயம், அவள் தமிழில் பேசினாள். சிட்னியில் நான் தமிழில் ஒரு மணித்தியாலம் பேசினால் ஆங்கிலத்தில் “ஓகே மம்” என்று ஒரு பதில் வரும். சனிக்கிழமை தவறாமல் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கியும் வராத தமிழ், ஜப்பானில் பனிக்குள் நின்று பொலபொலவென்று கொட்டியது. “இஞ்ச ஒருத்தருக்கும் விளங்காதுதானே அம்மா, என்னவும் கதைக்கலாம்,” என்றாள். சூப்பர்மார்க்கெட்டில் ஒரு கிழவர் தேசிப்பழத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அவருக்குப் பக்கத்திலேயே நின்று, “இவர் ஒவ்வொரு நாளும் வருவார், ஒரு நாளும் வாங்க மாட்டார்,” என்று எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு அவருக்குக் குனிந்து வணக்கமும் வைத்தாள். அவரும் குனிந்தார். நானும் குனிந்தேன். அந்த ஊரில் இருந்தவரைக்கும் நான் நிமிர்ந்து நின்ற நேரம் குறைவு.

தெருவில் பிள்ளைகள் அவளைக் கண்டதும் “சென்செய், சென்செய்” என்று ஓடி வந்தார்கள். ரீச்சர் என்று அர்த்தமாம். இறைச்சிக் கடைக்காரரும் அப்படித்தான் கூப்பிட்டார், தபால்காரரும் அப்படித்தான். சிட்னியில் இவளுக்கு “இன்னாரின் மகள்” என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. நான் கேளாதவள்போல நடந்தேன். இவர் மட்டும் வாயெல்லாம் பல்லாக, “இஞ்சேரும், பாத்தீரோ, பாத்தீரோ,” என்று என் கையை இடித்துக்கொண்டே வந்தார். நாங்கள் எதற்கு வந்தோம் என்பதே மனிசனுக்கு மறந்துவிட்டது.

அவளுடைய வீடு இரண்டு அறை. குசினியில் ஆள் திரும்பினால் இடுப்பு அடுப்பில் முட்டும். வாசலுக்கு ஒரு சோடிச் செருப்பு, உள்ளே ஒரு சோடி, கக்கூசுக்கு ஒரு சோடி. கக்கூஸ் செருப்போடு இவர் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டார் என்று மகள் கத்தியதும், இவர் திரும்பிப் போய் வெறுங்காலோடு வந்தார். குளியலறை ஒன்று பெயருக்கு இருந்தது. அதன் குழாய் குளிருக்கு உறைந்து கிடந்தது. அதனால் அவள் ஒவ்வொரு பின்னேரமும் தெருக்கோடியில் இருந்த வெந்நீர் ஊற்றுக் குளிப்பிடத்துக்குப் போவாளாம். நிலத்துக்கு அடியிலிருந்து சுடுதண்ணீர் தானாகவே வருமாம். ஊர் முழுக்க அங்கேதான் குளிக்குமாம்.

இதைக் கேட்டதும் எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை. முழுகுகிற நாள். சிட்னியில் என்றால் ஷவரின் கீழ் நின்று, தண்ணீர் ஆறுவதற்குள் அவதி அவதியாக முழுக வேண்டும். இங்கே ஆறாத சுடுதண்ணீர் ஒரு தொட்டி நிறைய. நான் எங்கே போனாலும் ஒரு சின்னப் போத்தல் நல்லெண்ணெயும் ஒரு கடதாசிச் சரை பயத்தம் மாவும் என் பையில் இருக்கும். நான் ஒன்றும் ஆயத்தமில்லாமல் பிரயாணம் போகிறவள் இல்லை.

“அம்மா, ஒரு விசயம்,” என்றாள் மகள், மறுநாள் குளிக்கப் போகிற வழியில். “உள்ளுக்க உடுப்பு ஒண்டும் போடேலாது.”

“குறுக்குக்கட்டோ?”

“அதுவும் கட்டேலாது.”

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு குளித்து வளர்ந்தவள் நான். என் மகளை உடுப்பில்லாமல் நான் கடைசியாகப் பார்த்தது அவளுக்குப் பால்பல் விழுந்த காலத்தில். “நீயும் இப்பிடியே குளிக்கிறனீ? ஒவ்வொரு நாளும்?” என்றேன். “எல்லாரும்தான் அம்மா. ஒருத்தரும் ஒருத்தரையும் பாக்க மாட்டினம். தொட்டிக்க இறங்க முதல் வடிவாக் கழுவவேணும், அதுதான் முக்கியம்.” “எனக்குக் குளிக்கப் பழக்கிறியோ?” என்றேன் நான்.

உள்ளே போனதும் இவர் ஆண்கள் பக்கம் போனார். ஒரு மாணவியின் தாய் மகளை வாசலில் மறித்துக் கதை கொடுத்துக்கொண்டு நின்றார். நான் தனியாக உடுப்பு மாற்றும் அறைக்குப் போனேன். ஆளில்லை. நல்லதாய்ப் போயிற்று என்று எண்ணெயை உச்சியில் வைத்து, காதுக்குள் விட்டு, முழங்கை முழங்கால் உள்ளங்கால் எல்லாம் வழிய வழியத் தேய்த்தேன். கூந்தலை முடிந்து, அவர்கள் தந்த சின்னத் துவாயைத் தலையில் சுற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு, கடவுளே என்று உள்ளே போனேன்.

ஓரமாகச் சின்னச் சின்ன வாங்குகளில் குந்தியிருந்து பெண்கள் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். குளிப்பதற்கு முன்னால் ஒரு குளிப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது. எண்ணெய் வைத்தால் முதலில் சுடுதண்ணீரில் ஊற வேண்டும், பிறகுதான் மா தேய்த்துக் கழுவ வேண்டும். இதுகூடத் தெரியாத சனமாக இருக்கிறதே என்று நேரே போய்த் தொட்டிக்குள் இறங்கினேன்.

அந்தச் சுகத்தை என்னவென்று சொல்வேன். யன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே கழுத்தளவு சூடு. துவாயை அவிழ்த்துவிட்டுத் தலையையும் ஒருதரம் முக்கி எடுத்தேன். தொட்டிக்குள் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். ஒருவர் எழுந்து எனக்குத் தலையைக் குனிந்துவிட்டு வெளியே போனார். அடுத்தவரும் குனிந்துவிட்டுப் போனார். மூன்றாவது ஆளும் போனார். ரீச்சரின் தாய் வந்திருக்கிறார் என்று மரியாதைக்கு இடம் விடுகிறார்கள் என்று நினைத்தேன். நன்றாகக் கையை நீட்டிச் சாய்ந்துகொண்டேன்.

அப்போதுதான் மகள் வந்தாள். கதவடியிலேயே நின்றாள். தண்ணீரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். தொட்டி முழுக்க எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்து, விளக்கு வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது.

“அம்மா, எண்ணெய் வைச்சனீங்களோ?”

“இண்டைக்கு வெள்ளிக்கிழமை,” என்றேன்.

ஆங்கிலத்திலாவது ஏதாவது திட்டியிருக்கலாம். உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே ஓடினாள். நான் எழும்பி உடுத்திக்கொண்டு போய்ப் பார்க்கும்போது, குளிப்பிடத்துச் சொந்தக்காரிக்கு முன்னால் நிலத்தில் முழங்கால் மடித்து, நெற்றி தரையில் படக் குனிந்திருந்தாள் என் மகள். பிள்ளையாருக்கு முன்னால் தோப்புக்கரணம் போடச் சொன்னால் கால் நோகிறது என்கிறவள். சொந்தக்காரிக்கு என் வயதிருக்கும். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், விசயம் அதோடு முடிந்திருக்கும். அவர் என் மகளைத் தோளில் பிடித்து எழுப்பிவிட்டு, வாசலில் தொங்கிய சீலையைக் கழற்றி உள்ளே வைத்தார். இன்றைக்குக் கடை பூட்டு என்று அர்த்தமாம். பிறகு தொட்டியின் அடைப்பைத் திறந்துவிட்டார். வடிந்த பிறகு முழுக்கத் தேய்த்துக் கழுவ வேண்டுமாம்.

மகள் காற்சட்டையை மடித்துவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினாள். வீட்டில் தான் குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவாதவள், தும்புக்கட்டையை எடுத்து ஒரு மூலையிலிருந்து தேய்க்கத் தொடங்கினாள். என் எண்ணெய்க்கு அவள் ஏன் தேய்க்க வேண்டும்? நானும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். எண்ணெயைச் சவர்க்காரத்தோடு மல்லுக்கட்டிக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் மகளும் சொந்தக்காரியும். நான் பயத்தம் மாச் சரையை அவிழ்த்துக் கொட்டித் தேய்த்தேன். சொந்தக்காரி ஒரு சிட்டிகை எடுத்து மணந்து பார்த்துவிட்டு, தானும் வாங்கித் தேய்த்தார்.

இவர் இதற்கிடையில் ஆண்கள் பக்கத்திலிருந்து சிவந்த முகத்தோடு வந்து, முன்வாசலில் இருந்த உடம்பு பிடித்துவிடுகிற கதிரையில் ஏறி, ஒரு போத்தல் குளிர்ப்பாலோடு நடுங்கிக்கொண்டிருந்தார். கதிரைதான் ஆட்டியது, பயமல்ல. என்ன நடந்தது என்று கேட்கக்கூட இல்லை.

தேய்க்கத் தேய்க்க, மகளும் அந்தப் பெண்ணும் பேசிக்கொண்டார்கள். முதலில் மெதுவாக, பிறகு என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். மகள் வாயைப் பொத்தாமல் சிரித்தாள். என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அந்தப் பெண் அவளுடைய கையிலிருந்த தும்புக்கட்டையைப் பறித்து, இப்படிப் பிடி என்று காட்டி, முதுகில் செல்லமாக ஒன்று வைத்தார். எனக்கு வயிறு எரிந்தது. உள்ளதைச் சொல்கிறேன். பெற்றவள் நான் இங்கே முழங்கால் தேய நிற்கிறேன், இது யார் நடுவில்?

திடீரென்று அந்தப் பெண் கட்டையைக் கீழே வைத்தார். ஈரத் தரையில் முழங்காலில் நேராக இருந்து, என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார்.

“என்னவாம்?” என்றேன்.

“திங்கட்கிழமை நான் முடிவு சொல்லவேணும் எண்டு அவவுக்குத் தெரியும்.” மகள் என்னைப் பார்க்கவில்லை. “என்னை இன்னுமொரு வருசம் இஞ்ச விடச் சொல்லி உங்களைக் கேக்கிறா. பிள்ளையளுக்கு என்னைப் பிடிச்சிட்டுதாம். தான் பாத்துக்கொள்ளுவாவாம்.”

“இவ ஆர் கேக்கிறதுக்கு?”

“இதைச் சொல்லவோ?”

“வேண்டாம்.”

இதைவிட ஒழுங்கான பெண்கேட்பு என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. கேட்கிறவர் முழங்காலில் நிற்கிறார். ட்ருகனினாக்காரர் தொலைபேசியில் வெயிலைப் பற்றித்தான் பேசினார். ஆனால் நானும் சும்மா வந்தவள் இல்லைத்தானே. எனக்கும் பிடிவாதம் ஏறியது.

“சொல்லு,” என்றேன். “இவளுக்கு மெல்பேர்ணில கலியாணம் பேசியிருக்கிறம். பெடியன் இன்ஜினியர். ட்ருகனினாவில வீடு. சாதகமெல்லாம் பொருந்தியிருக்கு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகத்தான் நாங்கள் வந்தனாங்கள். அப்பிடியே சொல்லு.”

மகளைத் தனியாக இருத்தி, தலையைத் தடவி, பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று சிட்னியிலிருந்து காவிக்கொண்டு வந்த விசயம் அது. எண்ணெய்த் தொட்டிக்குள் நின்று, இன்னொருத்திக்குச் சொல்லச் சொல்லி, அவளுடைய வாயிலேயே திணித்துவிட்டேன். மகள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, தெளிவாக, அவசரமில்லாமல் சொன்னாள். நடுவில் “மெல்பேர்ண்” என்பதும் “ட்ருகனினா” என்பதும் என் காதில் விழுந்தன. அந்தப் பெண்ணின் முகம் மாறி, பிறகு சரியானது. அவர் எனக்கும் மகளுக்கும் குனிந்து வாழ்த்துச் சொன்னார். வாழ்த்து எந்த மொழியிலும் விளங்கும். மகள் நினைத்திருந்தால் என்ன பொய்யையும் சொல்லியிருக்கலாம், எனக்கு ஒரு எழுத்தும் விளங்கியிருக்காது. ஒன்றையும் விடாமல் சொல்லியிருந்தாள்.

அந்தப் பெண் சின்னதாக இன்னொரு கேள்வி கேட்டார். மகள் அதை மொழிபெயர்க்கவில்லை.

“என்ன கேக்கிறா?”

“எனக்குப் பெடியனைப் பிடிச்சிருக்கோ எண்டு கேக்கிறா.”

“நீ என்ன சொன்னனீ?”

“நான் ஒண்டும் சொல்லேல்ல. கேள்வி எனக்கில்லை, அம்மா. உங்களைத்தான் கேக்கிறா.”

நான் சாதகத்தைப் பார்த்திருந்தேன். பெடியனின் தகப்பனுடைய தமையன் எந்த ஊரில் கட்டியவர் என்றுகூட விசாரித்திருந்தேன். இதை மட்டும் விசாரிக்கவில்லை. பக்கத்தில் நின்றவளிடம் கேட்டால் ஒரு நிமிசத்தில் தெரிந்திருக்கும். ஒரு வருடமாகச் சம்பந்தம் பேசியும் ஒருவரும் அவளைக் கேட்கவில்லை.

“எனக்குத் தெரியாது எண்டு சொல்லு,” என்றேன்.

அவள் சொன்னாள். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டுக் கட்டையை எடுத்தார். மூன்று பேரும் மிச்சத்தைத் தேய்த்து முடித்தோம்.

வீட்டுக்கு நடக்கும்போது இவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார், அந்தக் கதிரையை சிட்னியில் எங்கே வாங்கலாம் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு. நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். பனி வழுக்குகிறது என்று சாட்டு.

“திங்கட்கிழமை என்ன சொல்லப்போறாய்?” என்றேன்.

“நீங்கள்தானே சொல்லிப்போட்டீங்கள்.”

“அது அவவுக்குச் சொன்னது. இப்ப உன்னைக் கேக்கிறன்.”

“இருக்கப்போறன், அம்மா,” என்றாள்.

“சரி. இரு,” என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பார்த்தாள். என் கையை இறுக்கிப் பிடித்தாள். இவரிடம் சொன்னபோது, “அப்ப அடுத்த தைக்கும் நாங்கள் வரலாம்,” என்றார்.

சிட்னிக்கு வந்து சூட்கேசைக்கூடத் திறக்கவில்லை, ட்ருகனினாவிலிருந்து தொலைபேசி வந்துவிட்டது. பெடியனின் தாய் சுகம் விசாரித்தார். மெல்பேர்ணில் நாற்பது பாகை வெயில் என்றார். பிறகு வழமையான கேள்வி வந்தது. பிள்ளை வரமாட்டாள், அங்கேயே இருக்கப்போகிறாள், நீங்கள் வேறு இடம் பாருங்கோ என்று சொன்னேன்.

“அங்க ஏதும் பெரிய வேலையோ?”

“இல்லை. சின்னப் பிள்ளையளுக்கு இங்கிலிஷ் படிப்பிக்கிறாள்.”

“சம்பளம் கூடவோ?”

“இல்லை.”

“வேற ஆரும் பெடியன்…”

“இல்லை.”

“அப்ப அப்பிடி என்னதான் இருக்கு, அந்த ஊரில?” என்றார் அவர்.

“என்ர பிள்ளை இருக்கிறாள்,” என்றேன்.